ஆட்டுக்குத்தானுங்க

ஜூன் 3, செவ்வாய்

காலை: இட்லி ஐந்து, தேங்காய்ச் சட்னி. பத்து மணிக்கு டீ, பன் ஒன்று. மதியம்: சோறு, ரசம், முட்டைக்கோஸ் பொரியல். மாலை: ஆப்பிள் இரண்டு. இரவு: தோசை மூன்று, பிரெட் நாலு துண்டு.

சர்க்கரை இருநூற்று நாற்பது. "வாயில போடறது எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க, மூணு வாரம் கழிச்சுப் பாக்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலில் கோட்டை விட்டபிறகு நான் கையெழுத்தைத் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. இப்போது எழுத உட்கார்ந்தால் சாப்பாட்டோடு நிற்காது போலிருக்கிறது. போகட்டும், டாக்டருக்குத் தனித்தாளில் நகலெடுத்துக் கொடுத்துவிடலாம்.

ஜூன் 4, புதன்

இட்லி நாலு. (ஐந்தாவதை எடுத்தேன், எழுத வேண்டுமே என்று திரும்ப வைத்துவிட்டேன். டாக்டர் கெட்டிக்காரர்.)

ஜூன் 7, சனி

காலை: உப்புமா. மதியம்: சோறு, பருப்பு, ப்ராக்கலி வதக்கல். மாலை: வாழைப்பழம் மூன்று. இரவு: சப்பாத்தி, பனீர்.

என் உத்தியோகத்தைப் பற்றி எழுதவே இல்லை. சூலூர் பக்கம் ஒரு குடோன். போனில் தட்டினால் அரை மணியில் வீட்டுக்குக் காய்கறி கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனி. முன்பக்கம் இருப்பவர்கள் எடுத்து அடுக்கி அனுப்புகிறார்கள். பின்பக்கம் நான். என் பகுதிக்கு டம்ப் என்று பெயர். தக்காளியில் கீறல், ஆப்பிளில் பொட்டு, நாளைக்குத் தேதி முடிகிற பிரெட், டப்பா நசுங்கிய பனீர், வாடிக்கையாளர் "இது வேண்டாம்" என்று திருப்பி அனுப்பிய மாதுளை, எல்லாம் என்னிடம் வரும். கவரைக் கிழித்து, டிரம்மில் கொட்டி, மேலே ஃபினாயில் ஊற்றவேண்டும். யாரும் எடுத்துத் தின்றுவிடக் கூடாது என்பதற்காக. ஊரில் எல்லோரும் சாப்பாடு போட்டுப் பேர் வாங்குகிறார்கள். சாப்பாட்டைக் கெடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் எங்கள் வம்சத்தில் நான் ஒருவன்தான்.

ஃபினாயிலை டிரம்மின் ஒரு ஓரமாகத்தான் ஊற்றுவேன். சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

பின் கேட்டுக்கு மாலை ஐந்தரைக்குக் கருணாம்பிகா வந்துவிடுவாள். மூடிப்போன நூல் மில்லின் லைன் வீடுகளில் இருப்பவள். மில் ஓடியபோது ஸ்பின்னிங்கில் வேலை. அவளோடு இன்னும் நாலு வீட்டுப் பெண்கள். ஐந்து பேருக்கும் ஆடு உண்டு. அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம்.

"என்னக்கா, ஆடெல்லாம் சௌக்கியமா?"

"எங்கீங்ணா. பெரிய ஆட்டுக்கு முட்டி வலி, ராத்திரியெல்லாம் அனத்துது."

"குட்டிக ரெண்டும்?"

"சின்னக் குட்டி நேத்து பனீர் வேணும்னு அழுதுபோட்டுதுங்."

"ஆடு பனீர் கேக்குதா?"

"கொழுப்பெடுத்த ஆடுங்ணா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பெரிய ஆடு அவளுடைய மாமியார். குட்டிகள் இரண்டும் பெண்கள், மூன்றாவதும் ஒன்றாவதும் படிக்கிறார்கள். லைன் வீட்டில் ஆடு கட்ட இடமே இல்லை, எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் "எங்களுக்குச் சாப்பிட" என்று ஒருத்தி வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் நான் கொடுக்க முடியாது. அவளும் வாங்க முடியாது.

ஐந்து பை கொடுத்தேன். ஆறாவது பை வேறு விஷயம்.

ஜூன் 12, வியாழன்

காலை: ராகிக் களி. மதியம்: சோறு, கீரை. மாலை: ஒன்றுமில்லை. இரவு: சோறு.

மகள் தனுஸ்ரீயின் பள்ளிக்கூடத்தில் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில் எட்டு புள்ளி ஒன்று. ஏழாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் எண்பதுக்குமேல் வாங்குகிற பிள்ளை, இதில் மட்டும் அப்பனைப்போல. "முட்டை, கீரை, பேரீச்சை, மாதுளை குடுங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரி பூங்கொடி அந்தச் சீட்டை மளிகைச் சாமான் சீட்டு மாதிரி மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங், மாதுளை என்ன வெலை விக்குதுன்னு இதை எழுதுன புண்ணியவதிக்குத் தெரியுமா?"

இன்று காலை மட்டும் நாற்பது மாதுளையை டிரம்மில் கொட்டியிருந்தேன். தோலில் நிறம் ஒரே மாதிரி இல்லையாம்.

ஜூன் 13, வெள்ளி

மாதுளை எட்டு கொண்டுவந்தேன். முட்டை பத்து, டஜன் அட்டையில் இரண்டு உடைந்ததால் மீதியும் டம்ப். பூங்கொடியிடம் ஸ்டாஃப் ஆஃபர் என்றேன்.

"தெனமுமா ஆஃபர் போடறாங்க?"

"பெரிய கம்பெனி புள்ள."

அவள் முட்டையை மோந்து பார்த்தாள். ஃபினாயில் வாசனை இருக்கிறதா என்று பார்த்தாளோ என்னவோ. பிறகு அடுப்பில் வைத்துவிட்டாள். தனு மாதுளை உரித்துக்கொண்டே, "அப்பா, இது சூப்பர் மார்க்கெட் பழம்ப்பா, என்ன கலரு பாரு" என்றாள். நிறம் சரியில்லை என்று கழித்த பழம் அது.

ஜூன் 18, புதன்

காலை: தோசை. மதியம்: சாப்பிடவில்லை. இரவு: ஆறு தோசை. (டாக்டருக்கு மூன்று.)

பின் கேட்டில் கேமரா வைத்துவிட்டார்கள். வைத்த மூன்றாம் நாளே ஜிதின் சார் கூப்பிட்டார். குடோன் மேனேஜர். இருபத்தேழு வயது, எம்.பி.ஏ. நல்ல பிள்ளை, என்னையும் "வாங்க போங்க" என்றுதான் பேசுவார். ஒரு கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

"நாச்சிமுத்து, பேக் கேட்ல லேடீஸ் வந்து பை பையா எடுத்துட்டுப் போறாங்களே, என்ன அது?"

"ஆட்டுக்குங்க சார்."

"ஆட்டுக்கா?"

"பக்கத்துல லைன் வீட்டுக்காரங்க சார். ஆளாளுக்கு ரெண்டு மூணு ஆடு வெச்சிருக்காங்க."

அவர் கம்ப்யூட்டரை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "நிஜமாச் சொல்லுங்க. மனுசங்க யாரும் சாப்பிடலையே?"

சொல்ல ஒரு இடம் கிடைத்தது என்றால் அது அப்போதுதான்.

"ச்சே ச்சே. ஆட்டுக்குத்தானுங்க சார்."

"அப்போ ஓகே" என்று மூச்சுவிட்டார். "மனுசன் ஒருத்தன் தின்னுட்டு வாந்தி எடுத்தான்னு வைங்க, கம்பெனி மேல கேஸ். ஹெட் ஆபீஸ் என்னைத் தொலைச்சிடும். ஆடு கேஸ் போடாது, பாருங்க." பிறகு அவராகவே யோசித்து, "ஆட்டுக்குப் போறதுல ஏன் ஃபினாயில் ஊத்தறீங்க? பாவம், வாயில்லா ஜீவன். இனிமே ஊத்தாதீங்க" என்றார்.

வெளியே வந்து தண்ணீர் டேங்கில் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஃபினாயில் கேனின் மூடியை இறுக்கித் திருகினேன்.

ஜூன் 19, வியாழன்

இன்று முதல் ஃபினாயில் கிடையாது. சட்டப்படி. கருணாம்பிகாவிடம் சொன்னபோது பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். "நீங்க நல்லா இருக்கோணுங்ணா." நான் ஏதோ எம்.எல்.ஏ. மாதிரி தலையை ஆட்டிக்கொண்டேன்.

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியத்தைப் பேசிச் சாதித்திருக்கிறேன். அதுவும் எழுதி வைக்கவேண்டிய விஷயம்தான். சர்க்கரை மட்டுமா எழுத வேண்டும்?

ஜூன் 24, செவ்வாய்

டாக்டரிடம் போனேன். தாளைப் படித்துக்கொண்டே வந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "கிவி, ப்ராக்கலி, பனீர், ஸ்ட்ராபெரி... என்ன பிசினஸ்ங்க பண்றீங்க?"

"உணவுத் துறைங்க" என்றேன்.

கிவி வேண்டாம் என்றார். "கிவியைத் தூக்கிப் போடுங்க." போட்டுவிட்டுத்தான் சார் தின்கிறேன் என்று சொல்ல வந்ததை விழுங்கினேன். அதைக் கணக்கில் எழுதவில்லை.

ஜூன் 27, வெள்ளி

நான் சாதித்த காரியம் ஹெட் ஆபீஸ்வரை போய்விட்டது. ஜிதின் சார் மீட்டிங்கில் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்றாம். திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து ஆள் வருகிறது. எங்கள் காயை ஆடு தின்கிறதைப் படம் எடுக்கவேண்டுமாம்.

கருணாம்பிகாவிடம் சொன்னேன்.

"எந்த ஆடுங்ணா?"

இத்தனை மாதத்தில் அவள் அப்படிக் கேட்டது இதுதான் முதல்முறை.

ஜூன் 30, திங்கள்

காலை: டீ. மதியம்: டீ. இரவு: பசியில்லை.

கறிக்கடை ரபீக் பாயிடம் மூன்று ஆடு இரவல் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை தப்பித்த ஆடுகள். "ஒரு மணி நேரந்தான் நாச்சி. கண்டதையும் தின்னு வயிறு ஊதுச்சுன்னா நீதான் பொறுப்பு" என்று சொல்லி அனுப்பினார். ஜிதின் சாரிடம் மற்ற ஆடெல்லாம் மேயப் போயிருக்கிறது, தாயும் இரண்டு குட்டியும்தான் வீட்டில் என்று சொல்லியிருந்தேன். வந்ததோ மூன்று தாடிக்காரக் கிடாய்கள். நல்லவேளை, எம்.பி.ஏ.வில் ஆடு பாடத்தில் இல்லை.

மில் லைன் வீட்டுக்கு முன்னால் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் பழத்தையும் காயையும் கொட்டினோம். படத்தில் அழகாக இருக்கட்டும் என்று நல்லதாகப் பார்த்து எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். ஆப்பிள், திராட்சை, கேரட். ஐந்து வீட்டுப் பெண்களும் ஆடு வளர்க்கிறவர்கள் மாதிரி கையில் குச்சியோடு நின்றார்கள். கருணாம்பிகாவின் மாமியாரைக் கட்டிலோடு தூக்கிவந்து வாசலில் வைத்திருந்தார்கள். கிழவி ஆட்டையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்து, "ஏம்புள்ள, கறி போடறாங்களா?" என்று கேட்டாள்.

ஆடுகள் தின்றன. நன்றாகவே தின்றன. கருணாம்பிகாவின் பெண்கள் இருவரும் பள்ளிக்கூடச் சட்டையோடு வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்கள்.

"அந்தப் பாப்பாங்க ஃப்ரேம்ல வர்றாங்க. கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க" என்றான் படம் எடுப்பவன்.

தள்ளி நின்றார்கள். ஒரு ஆடு பாதி கடித்த ஆப்பிள் உருண்டு சின்னவள் காலடிக்கு வந்தது. குனிந்தாள்.

"பாப்பா, எடுக்காத! அது ஆட்டுக்கு!"

அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கருணாம்பிகா குச்சியால் ஆப்பிளை ஆட்டின் பக்கம் தள்ளிவிட்டாள். அந்தப் படம்தான் நன்றாக வந்திருக்கிறது என்று ஜிதின் சார் சொன்னார்.

தார்ப்பாயில் மிஞ்சியதை அள்ளிக்கொள்ளலாமா என்று நான் கேட்பதற்குள் ஆட்கள் அதையும் வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

ஜூலை 4, வெள்ளி

காலை: இட்லி நாலு. மதியம்: சோறு, வெண்டைக்காய். மாலை: கொய்யா. இரவு: சப்பாத்தி.

தனுவுக்கு மறுபடி ரத்தம் பார்த்தோம். எட்டு புள்ளி ஒன்பது. நர்ஸம்மா "என்ன குடுக்கறீங்க? இப்படியே குடுங்க" என்றார். பூங்கொடி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்தேன்.

ஆபீஸ் சுவரில் ஆடு மாட்டியாகிவிட்டது. ஆள் உயரத்துக்குப் படம். கீழே ஆங்கிலத்தில் ஏதோ வாசகம். தனுவைப் படிக்கச் சொன்னால் சொல்லுவாள், கேட்கவில்லை.

ஜிதின் சார் இன்னொரு நல்ல செய்தியும் சொன்னார். ஐந்து பெண்கள் மூன்று மூன்று ஆடு வைத்திருப்பதெல்லாம் ஹெட் ஆபீஸுக்குச் சின்ன விஷயமாம். பல்லடம் பக்கம் ஒரு பெரிய ஆட்டுப் பண்ணையோடு ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். நானூறு ஆடு. பதிவு பெற்ற பண்ணை. தினமும் வண்டி வரும், எடை போட்டு ஏற்றிக்கொள்ளும், சான்றிதழ் கொடுக்கும். திங்கள் முதல்.

"ஐடியா உங்களுதுதான் நாச்சிமுத்து" என்று கைகுலுக்கினார்.

"அப்ப லைன் வீட்டு ஆடு, சார்?"

"அதுங்களுக்குச் சர்டிபிகேட் இல்லையே" என்றார். நிஜமாகவே வருத்தமாகத்தான் சொன்னார்.

ஜூலை 5, சனி

கருணாம்பிகா வந்தாள். பை கொடுத்தேன். வண்டி விஷயத்தைச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. தக்காளி நிறைய வந்திருந்தது.

ஜூலை 7, திங்கள்

பண்ணை வண்டி நாலரைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஐந்தரைக்கு அவர்கள் வந்தார்கள். "இன்னைக்கு டம்ப் கம்மிக்கா, நாளைக்கு வாங்க" என்றேன். டிரம்மைக் கழுவிக்கொண்டிருந்ததால் முகத்தைப் பார்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

"நாளைக்கு வாங்க."

ஜூலை 9, புதன்

நாலு பேர் வரவில்லை. கருணாம்பிகா மட்டும் வந்தாள். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும், பண்ணை, நானூறு ஆடு, சான்றிதழ்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்திருந்தேன். பையை நாலாக மடித்துக்கொண்டே கேட்டாள்: "அந்த ஆடுகளுக்குப் பனீரும் போகுதுங்ளா?"

"எல்லாமே போகுதுக்கா."

"சரிங்ணா. நம்ம ஆட்டுக்காக அந்த சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாருங். ரேஷன் அரிசி இருக்குது, சோறு ஆக்கிப்போடறேன். தொட்டுக்க ஒண்ணுமில்லீங், அதான்."

நாளை கண்டிப்பாகப் பேசுகிறேன் என்றேன்.

எங்கள் வீட்டிலும் ஆஃபர் முடிந்துவிட்டது என்று பூங்கொடியிடம் சொன்னேன். "தெரியும்" என்றாள். என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. தனுவின் தட்டில் முட்டை இருந்தது. பூங்கொடியின் தட்டில் மோர் மட்டும் இருந்தது. என் தட்டில் என்ன இருந்தது என்று எழுத இப்போது தோன்றவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஜிதின் சாரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று கழிவறையில் நின்று ஒத்திகைகூடப் பார்த்தேன். "சார், அது ஆடு இல்லீங்க சார், ஆளுங்க." மூன்று முறை சொல்லிப் பார்த்ததில் நன்றாகத்தான் வந்தது.

உள்ளே போனதும் அவரே, "உங்களைத்தான் கூப்பிடணும்னு இருந்தேன். உட்காருங்க" என்றார். டம்ப் பகுதியில் நான் வந்தபிறகுதான் ஒழுங்கு வந்திருக்கிறதாம். காண்ட்ராக்ட்காரனிடமிருந்து எடுத்து என்னைக் கம்பெனி ஆளாகவே போடச் சொல்லி எழுதியிருக்கிறாராம். கம்பெனி ஆள் என்றால் இ.எஸ்.ஐ. உண்டு. தனுவுக்கு ஊசி, மருந்து, பெரிய ஆஸ்பத்திரி, எல்லாம் அதில் அடக்கம்.

"நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?"

"சனிக்கிழமை லீவு வேணுங்க சார்" என்றேன்.

லீவும் கிடைத்துவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

காலை: எதுவோ.

பண்ணை வண்டி இன்று தாமதம். ஐந்தரைக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது ஜிதின் சாரும் நின்றிருந்தார். கருணாம்பிகா வந்தாள். பையில்லாமல், வெறுங்கையோடு. பின்னால் இரண்டு பெண்களும். என்னிடம் வராமல் நேராக அவரிடம் போனாள்.

"சார், அந்தப் பிரெட்டும் முட்டையும் மட்டும் எடுத்துக்கறனுங்."

"இல்லம்மா, இப்ப எல்லாம் பண்ணைக்குப் போகுது. உங்க ஆட்டுக்கு வேற ஏதாச்சும்..."

"ஆடு இல்லீங் சார்."

டிரம்மைத் தூக்கியபடி நின்றுவிட்டேன்.

"எங்கிட்ட ஆடே இல்லீங். எனக்கும், எம் புள்ளைகளுக்கும், மாமியாளுக்குந்தானுங். நாங்கதான் திங்கறோம். இத்தனை நாளாத் தின்னோம், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலீங். கேஸுகீஸு ஒண்ணும் போடமாட்டமுங் சார், வேணும்னா எழுதிக்கூடத் தர்றேன்."

ஜிதின் சாரின் முகம் வெளுத்துவிட்டது. அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"நாச்சிமுத்து. ஆடுன்னுதானே எங்கிட்ட சொன்னீங்க? உங்களுக்கு இது தெரியுமா?"

வாயைத் திறந்தேன். கழிவறையில் அவ்வளவு நன்றாக வந்த வாக்கியம். ஏழெட்டு நொடி இருக்கும். வண்டிக்காரர்கூட இறங்கிவந்து வேடிக்கை பார்த்தார்.

"அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாதுங் சார்" என்றாள் கருணாம்பிகா. "நாங்கதான் ஆடு இருக்குதுன்னு சொல்லி ஏமாத்திப்போட்டோம். அவரு நம்பிக் குடுத்தாரு."

அதைச் சொன்னபோது அவள் என் பக்கம் திரும்பவில்லை. பெரியவள் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள். பனீர் கேட்டு அழுகிறவள் இல்லை, மூத்தவள். எட்டு வயது.

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலை மட்டும் லேசாக அசைந்தது. எந்தப் பக்கம் அசைந்தது என்று எனக்குத் தெரியும். இங்கே எழுதமாட்டேன்.

"ஸாரிம்மா. மனுசங்களுக்குக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல" என்றார் ஜிதின் சார். பர்ஸை எடுத்தார். அவள் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

கேட்டைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். பக்கத்தில் வந்து என் தோளில் கைவைத்தார்.

"விடுங்க நாச்சிமுத்து. மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க வெள்ளந்தியா இருக்கீங்க, அதான் ஆளாளுக்கு ஏமாத்தறாங்க."

"ஆமாங்க சார்" என்றேன்.

எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. வண்டிக்காரர் தாளை நீட்டினார். மேற்கண்ட பொருட்கள் மனிதர் உண்ணத் தகுதியற்றவை எனச் சரிபார்த்தேன் என்று அச்சடித்திருந்த இடத்துக்குக் கீழே, முழுப்பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.